சந்தைக்குப் போன அட்டைகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் கடைநிலை ஊழியன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெருக்குவதும் சீட்டுக் கொடுப்பதும் என் வேலை. எண்பதுகளின் நடுவில் வந்த டாக்டர், டிபி நோயாளிகளுக்கென்று ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னார். மாதத்துக்கு ஓர் அறை, ஆளுக்கு ஓர் அட்டை. மாத்திரை வாங்கியவரின் அட்டை அடுத்த மாத அறைக்குப் போகும். மாதக் கடைசியில் மிஞ்சிக் கிடப்பவை வராதவர்களுடையவை.

"இருக்கற நோட்டெல்லாம் பத்தலீங்களா சார்?" என்றார் நர்சம்மா. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஞ்சிய அட்டைகளைத் தேடிச் சைக்கிளில் போக வேண்டியவன் நான்தான்.

யார் வாசலிலும் நின்று குரல் கொடுக்க எனக்கு வராது. மணியடித்துக்கொண்டு நிற்பேன். ஆஸ்பத்திரி சைக்கிள் நின்றால் அந்த வீட்டில் டிபி என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பயந்தே பலர் வேறு ஊரைச் சொல்லிப் பதிந்திருந்தார்கள். வெயிலில் மேடேறிப் போனால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று பதில் வரும்.

ஒரு பெண்மணியை மட்டும் கண்டுபிடித்துவிட்டேன். கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர், சைக்கிளைக் கண்டதும் ஓடி வந்தார்.

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, வூட்டுக்கு மட்டும் வராதீங்க. பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. டிபின்னு தெரிஞ்சா தட்டத் திருப்பிருவாங்க."

"மாத்திரைய நடுவுல நிறுத்தினா..."

"தெரியுமுங்க. ரெத்தமா துப்புனவ நாந்தானே. சந்தைக்குத் தவறாம வருவேன். அங்க குடுத்துருங்க."

டாக்டரிடம் சொன்னேன். ஒவ்வோர் அறையிலும் அட்டைகளை ஊர்வாரியாக வேண்டாம், யார் எந்தச் சந்தைக்கு வருவார்களோ அப்படி அடுக்கச் சொன்னார். தலைவலி மாத்திரையும் புண்ணுக்கு மருந்தும் கூடவே கொடுத்தனுப்பினார். எல்லோரும் வந்து வாங்கினால், யார் எதற்கு வந்தார் என்று தெரியாதல்லவா.

சந்தையில் பானை விற்கிற இடத்தில் உட்கார்ந்தேன். "எனக்கும் ரெண்டு குடுங்க. எங்க வூட்டுக்காரரப் பாத்தாலே தலவலிக்குது" என்பார் பானைக்கார அம்மா. எனக்குத் தலை நிமிராது. ஆனால் மிஞ்சும் அட்டைகள் குறைந்தன. என் அலைச்சல் குறையவில்லை. வீடுகளுக்குப் பதில் சந்தை சந்தையாக அலைந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தைய சந்தை அந்த மாதத்தின் கடைசிச் சந்தை. அந்தப் பெண்மணி சம்பந்தியம்மாவோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தியம்மா விடவில்லை.

"வாங்க சம்பந்தி, தலவலி மாத்திர சும்மா குடுக்கறாங்களாம். கல்யாண வூட்டுக்கு ஆவும்."

இருவருக்கும் இரண்டிரண்டு கொடுத்தேன். அந்தப் பெண்மணியின் ஒரு மாதப் பொட்டலம் என் பைக்குள்ளேயே கிடந்தது. இருவரும் தங்கள் ஊர்களுக்குப் போகும் கடைசி ஏரியூர் பஸ் பக்கம் நடந்து மறைந்தார்கள். இந்த அட்டை மிஞ்சினால், பந்தல் போட்ட வீட்டு வாசலில்தான் நான் போய் மணியடிக்க வேண்டும். எழுந்துபோக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பானைகளுக்கு வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

மூச்சு வாங்க அவர் திரும்பி வந்தார்.

"புளி வாங்க மறந்துட்டேன்னு சொல்லி எறங்கிட்டேனுங்க. அந்தம்மா போயிட்டாங்க."

"இனிமே பஸ் இல்லியே?"

"காலு இருக்குதுங்களே."

பொட்டலத்தை, வாங்கி வந்த புளிக்குள் அமுக்கி, முடிச்சுப் போட்டுக்கொண்டு நடந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தனியாக அனுப்ப மனம் வரவில்லை. சேர்ந்து போனால் அதற்கும் ஒரு பேச்சு வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கூப்பிடு தூரம் விட்டுப் பின்னால் நடந்தேன். அவர் இருமுவதற்கு நின்றபோதெல்லாம் நானும் நின்றேன். அவர் ஊர் விளக்கு தெரிந்ததும் திரும்பினேன்.

மறுநாள் காலையில் அவர் அட்டையை அடுத்த அறையில் போட்டேன். மிஞ்சியவற்றை எடுத்துக்கொண்டு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன்.