மூணாங்கூடையைக் கவிழ்த்த இருளாயி

பரவைச் சந்தையில் யாராவது பொய் சொன்னால், பொய் என்று சொல்ல மாட்டார்கள். "மூணாங்கூடை" என்பார்கள், அவ்வளவுதான். சமயநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர்கூட அப்படித்தான் சொல்லுவார்.

அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று விசாரிக்க, எண்பத்து மூன்றாம் வருஷம் மிஷன் பள்ளி வாத்தியார் தனிஸ்லாஸ் நோட்டும் பேனாவுமாக வந்தார். பள்ளி ஆண்டு மலரில் அச்சடிக்கப் போகிறாராம். காய்கறிக் கமிஷன் கடை விருமாண்டி அவரை உட்காரவைத்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, "எங்கய்யா சொன்ன சொல்லு சார், எழுதிக்கங்க" என்றார்.

சரக்கெடுக்க வந்த இருளாயி காதில் இது விழுந்தது. புருஷன் படுக்கையில் விழுந்த நாள் முதல் காளவாசலில் கத்தரிக்காய் விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். தன்னை ஏமாற்றின விருமாண்டியின் அப்பன் பேரே அச்சில் ஏறுவதா? தலையிலிருந்த வெறுங்கூடையை இறக்கி வைத்தாள்.

"சார், அது ஏன் மூணு? ரெண்டாங்கூடைன்னு ஏன் சொல்லல? அவரக் கேளுங்க."

"அது... பேச்சுக்குச் சொல்றதுதான்" என்று மழுப்பினார் விருமாண்டி.

"இம்புட்டுத்தானாண்ணே?" இருளாயி சிரித்தாள். "அஞ்சு கூடையை வரிசையா வச்சுத்தான் வெல பேசுவாக, சார். மொதக் கூடையவும் கடைசிக் கூடையவும் கவுத்துப் பாக்கலாம். நடுக்கூடையத் தொடக் கூடாது, அது சந்தை வழக்கம். எழுபத்து நாலுல இவுக அய்யா கடையில நான் தொட்டேன். மேல ரெண்டு வரிசை கத்தரிக்கா, கீழ பூராவும் வைக்கோலு! சந்தையே சிரிச்சுச்சு. அன்னைக்குப் பொறந்த சொல்லு."

"மொதல்ல சொன்னது யாரும்மா?" என்றார் வாத்தியார்.

"கூட்டத்துல எந்த வாயோ, யாரு கண்டா? கவுத்தது இந்தக் கை."

"செத்த மனுசன் மேல பழி போடுறியா? சாட்சி இருக்கா?" விருமாண்டி எகிறினார்.

"சாட்சி எதுக்கு? இந்தா, ஒங்க கடை வாசல்லயே அஞ்சு கூடை இருக்குல்ல?"

அவள் நடுக்கூடையை நோக்கி நடந்தாள். விருமாண்டி விழுந்தடித்து ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

அவர் கடையில் மூட்டை தூக்குகிற முத்திருளன்தான் முதலில் சிரித்தான். "நகருங்க மொதலாளி, சாட்சிய மறைக்கிறீக!" பிறகு சிரிக்காத ஆளில்லை.

வாத்தியார் எழுதினதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன? அந்தக் கடை வாசலிலேயே, அவரை இரண்டு தடவை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாளிலிருந்து நடுக்கூடையைக் கவிழ்த்துப் பார்க்காமல் எவரும் அங்கே விலை பேசவில்லை.