படத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து

என் ஓவியக் கண்காட்சி திறக்கவிருந்த சனிக்கிழமை காலையில், மழை கொட்டி யாருமே வராமல் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோலாலம்பூரில் வெயில் சுள்ளென்று அடித்தது.

எண்பதுகளின் நடுவில் அது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தின் செம்பனை ஆலையில் மெஷின்களுக்கு எண்ணெய் போடும் வேலை எனக்கு. படம் வரைய யாரும் சொல்லித் தரவில்லை. ஆலையில் மிஞ்சிய சாயத்தை டின்னோடு கேட்டு வாங்கி, பலகையில் பூசிப் பூசிப் பழகியது. ஜெராமில் ஒரு காப்பிக்கடைச் சுவரில் நான் வரைந்திருந்த படகைப் பார்த்துவிட்டு, நண்டு வாங்க வந்த ஒரு சீன அம்மாள் என்னைத் தேடி, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்கே வந்தார். கோலாலம்பூரில் ஒரு கடையின் மாடியில் ஓவியக் கூடம் வைத்திருந்தவர். ஒரு வருஷத்தில் பத்தொன்பது படங்கள் சேர்ந்தன. அவற்றைச் சின்னப் புத்தகமாகவும் அச்சடித்தார். திறப்பு நாளில் மேசை போட்டு உட்கார்ந்து, வாங்குகிறவர்களுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

பயமெல்லாம் பதினொன்றாவது படத்தைப் பற்றியதுதான்.

அதில் ஆள் இல்லை, ரத்தமும் இல்லை. பழம் பிழியும் மெஷினின் பற்சக்கரங்கள் திறந்து கிடக்கும். அவற்றை மூட வேண்டிய கம்பி வலை சுவரோரம் சாய்ந்திருக்கும். வலையின் மேல் சிவப்புக்கோடு போட்ட ஒரு துண்டு காயும். துண்டு என்னோடு வேலை செய்த நண்பனுடையது. பழுது பார்க்கக் கழற்றிய வலையை நாலு மாதமாக யாரும் மாட்டவில்லை. ஒரு நாள் பகல் ஷிப்டில் அவன் கை சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லோரியிலேயே உயிர் போய்விட்டது. அவன் தலையை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

மறு வாரம் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒரு தாளை நீட்டினார். துரை பக்கத்தில் நின்றார். தோட்ட மேனேஜரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வலை மாட்டித்தான் இருந்தது, அவன்தான் கவனமில்லாமல் கையை விட்டான் என்று தாளில் இருந்தது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. மிரட்டத் தேவையும் இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும்.

நண்பனின் மனைவி, நஷ்டஈடு எதுவும் கிடைக்காமல், மறு மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு சபாக்கிலிருந்த அம்மா வீட்டுக்குப் போனாள். அன்று அவர்கள் கிளம்பிப் போகும்வரை நான் ஆலையை விட்டு வெளியே வரவில்லை.

"அந்த ஒரு படத்த மட்டும் வெக்காதீங்க," என்று என் மனைவி எத்தனையோ முறை சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பலகைகளை வேனில் ஏற்றும்போது அதையும் சேர்த்துக் கொடுத்தது என் கைதான். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சீன அம்மாள் மரியாதைக்காகத் தோட்ட ஆபீசுக்கும் ஓர் அழைப்பிதழ் அனுப்பியிருந்தது வேன் போன பிறகுதான் தெரிந்தது.

துரை பதினொரு மணிக்கு மனைவியோடு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"உட்காருப்பா, இன்னைக்கு நீதான் பெரிய ஆள்," என்று தோளைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார். நீட்டிய புத்தகங்களில் கையெழுத்துப் போட்டபடியே அவருடைய சப்பாத்துச் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது படத்தின் முன் சத்தம் நின்றது. நான் பேனாவை எடுக்க மறந்ததில் மை தாளில் ஊறிப் பரவியது.

அப்போது அதே படத்தின் பக்கம் விரித்த புத்தகம் ஒன்று மேசைக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நண்பனின் மனைவி. நான் அவளை அழைக்கவில்லை. பத்திரிகையில் செய்தி பார்த்துவிட்டு, சபாக்கிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தாள்.

"அண்ணே, இது அவரு துண்டுதானே?"

"ஆமா தங்கச்சி."

"அப்ப, வல வெளியிலதான் இருந்துச்சா?"

துரை திரும்பி எங்களைப் பார்த்தார். பத்தடி தூரம்கூட இருக்காது. படம்தானே, சும்மா கற்பனை என்று சொல்லிவிடலாம். சொல்ல வாயைக்கூடத் திறந்தேன்.

"வெளியிலதான் இருந்துச்சு."

"மாட்டியிருந்துச்சுன்னு ஆபீஸ்ல சொன்னீங்களாமே."

"பொய் சொன்னேன் தங்கச்சி. பயந்துட்டேன்."

அவள் அழவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "அத இதுலயே எழுதிக் குடுங்க. ஐ.சி. நம்பரும் போடுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் எழுதினேன். வலை நாலு மாதம் கழற்றிக் கிடந்தது, நான் பார்த்தேன், ஆபீசில் போட்ட கையெழுத்து பொய். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. மனப்பாடமாக இருந்த ஐ.சி. நம்பர் மறந்துபோய், அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துத்தான் எழுத முடிந்தது. அவள் இரண்டு முறை படித்துவிட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். துரையும் மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"நாளைக்கு வேலைக்குப் போவீங்களா?" என்று ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டாள்.

"போகாம எப்படிலா."

ஆட்களுக்கு வேலை பிரிக்கும் மண்டோர் ஆலை வாசலிலேயே நிறுத்தினார். "உன்னைய காட்டு வேலைக்கு மாத்திட்டாங்க. குலை ஏத்தப் போ." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மூன்று மாதம் லோரியில் பழக்குலை ஏற்றினேன். கடிதம் கொண்டுவரும் ஆபீஸ் பையனின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் குலையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். கடைசியில் ஒரு நாள் அந்த மோட்டார்சைக்கிள் என் பக்கத்தில் வந்து நின்றது. வேலை இல்லை, ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம். மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, பரணிலிருந்த பெட்டியை இறக்கினாள்.

ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதற்குள் நண்பனின் மனைவி புத்தகத்தைத் தொழிற்சங்கத்தில் கொடுத்திருந்தாள். லேபர் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். மேசை மேல் என் புத்தகமும் அந்தப் பழைய தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நடந்ததைச் சொன்னேன். பல மாதம் கழித்து அவளுக்கு நஷ்டஈடு கிடைத்தது.

விசாரணை முடிந்து அன்று வெளியே வந்தபோது, அவள் பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கிட்டே போகத் தைரியம் வரவில்லை. சாலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். மூத்த பெண் என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டாள். அவள் குனிந்து ஏதோ பதில் சொன்னாள். லோரிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.