மைதானத்தில் மாப்பிள்ளை பார்த்தது

என் அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணப் பேச்சு வந்தால், பையனை அவன் வேலை பார்க்கும் இடத்துக்கே போய், அவனுக்குத் தெரியாமல் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தால் எல்லாப் பையன்களும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது அவர் கட்சி. அவருடைய தங்கையான என் அத்தைக்கு வந்த முதல் வரன் ஒரு வங்கிக்காரர். அப்பா வரிசையில் நின்று கவனித்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு கிழவரிடம் அந்த மனிதர் எரிந்து விழுந்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது வரனுக்குத் தொழிற்சாலையில் வேலை. அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. பெங்களூரின் பெரிய தொழிற்சாலைகள் ஆளுக்கொரு கிரிக்கெட் அணி வைத்திருந்தன. இவர் பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார், அணிக்குத் தலைவரும் அவர்தான். பெயருக்குக் குமாஸ்தா. காலையில் கையெழுத்துப் போட்டதும் பயிற்சிக்குப் போய்விடுவாராம்.

"ஆடறதுக்கா சம்பளம்?" என்றார் அப்பா.

"உங்க ஆபீஸ்ல தூங்கறதுக்கே தர்றாங்களே," என்றாள் அம்மா.

அவர் வேலை பார்க்கும் இடம் மைதானம் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆட்டம் பார்க்கக் கிளம்பினார். குழந்தையோடு வருகிறவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்கு எட்டு வயது. அத்தை என் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் குனிந்து, "கேட்ச் விட்டா அவர் என்ன பண்றார்னு மட்டும் பாத்துட்டு வா," என்றாள். அவள் கல்லூரியில் த்ரோபால் அணிக்குத் தலைவியாக இருந்தவள்.

மைதானத்தின் நடுவே, பந்து குத்தி எழும்பும் இடத்தில் நார்ப்பாய் விரித்து, விளிம்பெல்லாம் ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். நாங்கள் மர நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். வாராவாரம் வருகிறவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

காலையில் மாப்பிள்ளை நன்றாக ஆடினார். மதியம் அவர்கள் பந்து வீசும் முறை. அவர் கையை நீட்டிய பக்கமெல்லாம் ஆட்கள் நகர்ந்தார்கள். "டிராபிக் போலீஸ் மாதிரி இருக்கான்," என்று அப்பா முணுமுணுத்தார். மாப்பிள்ளையே வீசிய ஒரு பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, பின்னால் நின்ற இளைஞனின் கைக்கு நேராகப் போய், தரையில் விழுந்தது. "நித்தெ மாட்தீயா?" என்று யாரோ கன்னடத்தில் கத்தினார்கள். தூங்குகிறாயா என்று கேட்டதில் கூட்டமே சிரித்தது. மாப்பிள்ளை பந்தை வாங்கிக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு திரும்ப நடந்தார். அந்த இளைஞனை அங்கிருந்து மாற்றவில்லை.

"அதட்ட வேணாமா?" என்றார் அப்பா.

அடுத்து வேறொருவர் வீசியபோது மாப்பிள்ளை அந்த இளைஞனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சற்று நேரத்தில் இன்னும் சுலபமான ஒரு கேட்ச் அவரிடமே வந்தது. விட்டுவிட்டார். இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிது.

பெரியவர் உச்சுக் கொட்டினார். "குனிய முடியல சார். முட்டியில கட்டு பாத்தீங்களா? இன்னும் நாலஞ்சு வருஷம் ஓட்டுவார்."

"அப்புறம்?" என்றார் அப்பா.

"அப்புறம் என்ன, வேற ஆள் வருவான்."

அதற்குப் பிறகு அப்பா ஆட்டத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "ஆள் தங்கமாத்தான் இருக்கான். கால் போச்சுன்னா என்ன செய்வான்? அதுக்கப்புறம் எப்படி இருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். இளைஞன் விட்டதைச் சொன்னேன். "உம்," என்றாள். அவரே விட்டதைச் சொன்னதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுட்டு என்ன பண்ணார்?"

"கையைத் தூக்கினார். பந்து போட்டவரைப் பாத்து. கிளாஸ்ல பேர் கூப்பிட்டா தூக்குவோமே, அப்படி."

"அப்புறம்?"

"திரும்ப அங்கயே நின்னார்."

"மூஞ்சி?"

"எப்பவும் போலத்தான்."

அத்தை கொஞ்ச நேரம் துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போய், "அண்ணா, எனக்குச் சம்மதம்," என்றாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு என்னன்னு யோசிச்சியாம்மா?"

"அதைத்தான் யோசிச்சேன்."

கல்யாணமாகி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. மாமாவின் முட்டி மொத்தமாக விட்டுப்போக, தலைமை வேறொருவருக்குப் போயிற்று. அவரைத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். முதல் நாள் வேலை முடிந்து அவர் வந்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட உட்கார்ந்தவர், "போல்ட்டுல இத்தனை தினுசு இருக்குன்னு இத்தனை நாள் தெரியவே தெரியாது," என்றார். அத்தை ரசம் ஊற்றுவதை நிறுத்தி, ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ஊற்றினாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு ஒரே குறைதான். காலையில் அவர் எத்தனை ரன் எடுத்தார் என்பது மறந்துவிடக் கூடாதென்று பஸ்ஸில் வழி நெடுக வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அத்தை அதைக் கேட்கவே இல்லை. நானாகப் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னபோதும், "சரி, சரி," என்று சொல்லிவிட்டுத் தலை வாரப் போய்விட்டாள்.