நாற்காலிக்குப் பின்னால் நின்றவள்

மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தால் என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் பீரோவும் மடிக்காத துணியும்தான் இருக்கும். கணவரிடம் சொன்னேன். "கண்ணாடி பவரை மாத்து" என்றார். முதுகுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். அவள் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறாள், தினமும் காலையில் எங்கள் ஊரில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறாள். ஆகவே யாரும் எனக்கு வேப்பிலை அடிக்க வர வேண்டாம்.

சென்னையில் இருபது வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவள் நான். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்கு வராது. எங்கள் ஊரில் கோயில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் ஒரே வாய்க்காலின் இரண்டு கரையில் இருக்கின்றன. கல்யாணத்துக்கு அழைப்பார்கள், போவார்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிள்ளைகள்தான் மாறிப்போயிருந்தார்கள். அந்தக் கரைக்கு ஒரு டியூஷன், இந்தக் கரைக்கு ஒரு டியூஷன். பஸ்ஸில்கூடத் தனித்தனியாக நின்றார்கள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு தெருப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்து கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு அறக்கட்டளை ஆறு கம்ப்யூட்டர் கொடுத்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை கிடைத்தது. பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், இந்தத் தெருவில் ஒருவர், அந்தத் தெருவில் ஒருவர். இந்த ஜோடிக் கணக்கில் எனக்கு அவ்வளவு பெருமை. அறை குறுகல் என்பதால் ஒரு மேசைக்கு ஒரு நாற்காலிதான் போட முடிந்தது. "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாத்திக்கணும்" என்று முதல் நாள் சொன்னேன். முதல் நாள் மட்டும்தான் சொன்னேன்.

வகுப்பு மாலை ஐந்து மணிக்கு. ஐந்து மணி எனக்கு வசதி, அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் மதரசாவில் ஓதிவிட்டு வருவதற்கு ஐந்தேகால் ஆகிவிடும். அதற்குள் நாற்காலிகள் நிறைந்திருக்கும். வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஜோடியின் பின்னால் போய் நிற்பார்கள். வகுப்பை ஒரு கால் மணி நேரம் தள்ளி வைத்திருந்தால் போதும். இது இப்போது தெரிகிறது.

என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாளே, அவள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா, அவள் கூப்பிடுவது அத்தா, பள்ளிவாசல் தெரு முனையில் மாவு மில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அவள் எடுத்திருந்த பாடப்பிரிவில் கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அத்தாவின் சட்டைப் பையில். அவளுக்கு ஜோடி, கோயில் தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த பெண். அந்தப் பெண் வாயாடி, நல்ல மனசு, மூளை கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். இவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து சொல்வாள்: "லூப் போடுடி. கோலன் வை. இப்ப அடுத்த வரிய உள்ள தள்ளி எழுது. இல்லடி, அது வெளியில வரணும்." ஜோடி அடிப்பாள். புரோகிராம் ஓடும். இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். நான் அதைப் பார்த்து உருகிப்போவேன். நான் கனவு கண்டது இதைத்தானே என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். நடுவில் ஒரு நாள், "நீ உக்காரலையாம்மா?" என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிற பிள்ளை என்று எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டியிருக்கிறேன். நினைத்தால் கூசுகிறது.

அந்த வருடம் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம், பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுப்பதாக அறிவித்தது. இலவசப் பயிற்சி, விடுதி, வேலை, வேலையோடு பட்டப்படிப்பு. அந்த வருடம் முடித்தவர்களுக்கு மட்டும்தான் வாய்ப்பு, அடுத்த வருடம் எழுத முடியாது. அவளுடைய அத்தாவிடம் நானே போய்ப் பேசினேன். மில்லை நிறுத்திவிட்டு, மாவு படிந்த புருவத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, வேற யாரு கூப்பிட்டாலும் மெட்ராசுக்கு அனுப்ப மாட்டேன். நீங்க கேக்குறீங்க. இதுல இடம் கெடச்சா அனுப்புறேன். கெடைக்கலைன்னா இங்க பக்கத்து காலேஜ்ல என்ன கெடைக்குதோ அதைப் படிக்கட்டும். அதுக்கப்புறம் என்னை வற்புறுத்தக் கூடாது."

"அவளுக்குக் கெடைக்காம யாருக்கு அண்ணே கெடைக்கப் போகுது?" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

தேர்வு தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில். இவளும் இவளுடைய ஜோடியும் இன்னும் இரண்டு பேருமாக நாலு பேரை வேனில் அழைத்துக்கொண்டு போனேன். நீடாமங்கலம் கேட்டில் வழக்கம்போல மாட்டிக்கொண்டோம். சரக்கு ரயில் போய் முடிவதற்குள் ஜோடி பத்து சந்தேகம் கேட்டாள். இவள் பத்துக்கும் விடை சொன்னாள். நான் முன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குப் பிறகு எங்கேயும் போனதில்லை.

தேர்வு அறைக்குக் கண்ணாடிச் சுவர். வெளியிலிருந்து பார்க்க முடிந்தது. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஒரு நாற்காலி. அவள் உட்கார்ந்தாள். கேள்வியைப் படித்தாள். கொடுத்த தாளில் மளமளவென்று எழுதினாள், இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு விசைப்பலகையின் மேல் கையைக் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். போனில் இருக்கும் எழுத்து வரிசையை வைத்துத் தட்டுத்தடுமாறிப் பாதி அடித்திருப்பாள். கோலன், அந்த இரட்டைப் புள்ளி, வரவில்லை. அந்த விசையை அழுத்தினால் செமிகோலன் விழுந்தது. அழித்தாள், அழுத்தினாள், மறுபடியும் அதே. ஷிஃப்ட் விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வருடமாக அவள் வாய் "கோலன்" என்று சொல்லியிருக்கிறது, வேறொருத்தியின் சுண்டுவிரல் ஷிஃப்டை அழுத்தியிருக்கிறது. கேட்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, ஒருமுறை நிமிர்ந்து கண்காணிப்பாளரைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் வெளியில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். பயந்திருக்கிறாள், தைரியம் சொல்லலாம் என்று நினைத்தேன். மணி அடிக்கும்வரை எனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை.

வேனில் வரும்போது அந்தத் தாளை என்னிடம் கொடுத்தாள். "சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க டீச்சர்" என்றாள். வீட்டுக்கு வந்து அப்படியே அடித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லாமல் ஓடியது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

ஜோடிக்கு இடம் கிடைத்தது, இவளுக்குக் கிடைக்கவில்லை. ஜோடி என் வீட்டுக்கு வந்து, "நான் போகலை டீச்சர், அது அவ இடம்" என்று மூக்கைச் சிந்தினாள். அவளைத் தேற்றிச் சென்னைக்கு ரயிலேற்றி விட்டது யார் தெரியுமா? இவள்தான்.

அதே வாரம் அறக்கட்டளையிலிருந்து ஆண்டறிக்கைக்குப் படங்கள் கேட்டார்கள். போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். தீபாவளிக்கு முன்னால் எடுத்தது, ரம்ஜானுக்குப் பிறகு எடுத்தது, மழையில் கரண்ட் போன நாளில் எடுத்தது. எல்லாப் படத்திலும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த ஆறு பேரும் எங்கள் தெரு. நின்ற ஆறு பேரும் அந்தத் தெரு. ஒரு படத்தில்கூட மாறவில்லை. இந்தப் படங்களை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன்! 'ஒரே திரை, இரண்டு தெரு' என்று தலைப்பு வேறு போட்டு அனுப்பினேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மில்லுக்குப் போனேன். அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். அவள் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தூக்கில் கேழ்வரகு மாவை அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க டீச்சர்." நான் உட்காரவில்லை.

"நீ நின்னுக்கிட்டே இருந்ததை நான் கவனிக்கவே இல்லம்மா. என் தப்பு" என்றேன்.

"பரவால்ல டீச்சர். நாங்கதானே லேட்டா வந்தோம்." மாவைத் தட்டி மூடிபோட்டாள். பிறகு, குறை சொல்கிற மாதிரி இல்லாமல், ஏதோ விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "ஒரு நாள் மதரசா லீவு டீச்சர். நான் முன்னாடியே வந்து உக்காந்திருந்தேன். அவளும் நீயே அடிடின்னுட்டா. நாலு வரி அடிச்சேன். அன்னிக்குத்தான் டிரஸ்ட்லேர்ந்து போட்டோ எடுக்க வந்தாங்க."

"சரி..."

"நீங்க வந்து, 'உக்காந்தா உன் முக்காடு தெரியலம்மா, நீ எழுந்து பின்னாடி நின்னுக்க'ன்னீங்க."

எனக்கு அப்படி ஒரு நாளே ஞாபகம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அந்த வார்த்தைகளும் என் வார்த்தைகள்தான், ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு 'அம்மா' போட்டுக் கூப்பிடுகிறவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். அறக்கட்டளை பிறகு அந்த ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டதே ஒரு படம், அது அன்று எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

"அதுக்கப்புறம் நீ ஏம்மா திரும்ப உக்காரல?" என்று கேட்டேன்.

என் கேள்வி புரியாதவள்போல அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க திரும்ப உக்காரச் சொல்லலையே டீச்சர்."