சங்கிலியில் சிக்காத களிசான்

சவூதி விசாவுக்காகக் காத்திருந்த அந்த வருடம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மதிய லுஹர் தொழுது சாப்பிட்டதும் சைக்கிளை எடுத்துவிடுவேன். கல்முனையிலிருந்து தெற்கே நிந்தவூர், சில நாள் பாலமுனை. எங்கே போகிறாய் என்று கேட்பவர்களை மணியடித்துக் கடந்துவிடுவேன்.

முதலில் சாரனோடுதான் போனேன். சாய்ந்தமருதுச் சந்தியில் அதன் கரை சைக்கிள் சங்கிலிக்குள் சுற்றிக்கொண்டது. பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்திருக்க, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி மறுகையால் பெடலைப் பின்னுக்குச் சுற்றி விடுவித்தேன். அடுத்த நாள் போட்ட பெல்பொட்டம் களிசானும் கிறீஸில் தோய்ந்து கிழிந்தது. ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கியது. வெளிநாட்டுக்கென்று வைத்திருந்த தோல் சப்பாத்தைப் போட்டுப் போனால், பாலமுனையில் குதிக்கால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. வெறுங்காலோடு திரும்பி வந்தேன்.

உடன்பிறந்த மூத்தவரான ராத்தா என் காலைப் பார்த்தார். அவருடைய கணவர் கட்டாருக்குப் போய் இரண்டு வருடம். ராத்தாவும் எங்களோடுதான் இருந்தார். மறுநாள் என் களிசானின் கால்களைப் பிரித்து ஒடுக்கினார். தொடைகள் சேரும் இடத்தில் துணித் துண்டு வைத்துத் தளர்த்தினார்.

"நீ ஏன் இப்பிடி ஓடித் திரியிறாய் எண்டு நான் கேக்க மாட்டன்," என்றார். "காயப்படாம ஓடு."

கல்முனைக் கடையொன்றில் கன்வஸ் சப்பாத்து பார்த்தேன். என்ன வேலைக்கு என்று கடைக்காரர் கேட்டார். சும்மா சைக்கிள் ஓட என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெயிலில் கால் வீங்கும், ஒரு இலக்கம் பெரிதாக எடுக்கச் சொன்னார். வாங்கி வந்து, மறுநாள் விடியவே புறப்பட்டு இறக்காமம் வயல்கள் வரை போனேன். எதுவும் இழுக்கவில்லை, கடிக்கவில்லை. ஆனாலும் மனம் அடங்கவில்லை. கடிதம் வந்திருக்குமோ என்று, அங்கிருந்த குளத்தைக்கூட நின்று பாராமல் திரும்பி மிதித்தேன்.

பிறகு ஒரு காலை, ராத்தா பின்வளவில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீளச் சட்டைக்குக் கீழே என்னுடையதைப் போலவே ஒரு களிசான்.

"எனக்கும் ஒண்டு தெச்சிட்டன். உன்ர சப்பாத்த ஒருக்காத் தா," என்றார். "நீ மட்டுமா காயிதம் பாத்துக்கிட்டு இரிக்காய்?"

சப்பாத்தின் நுனியில் துணி அடைத்துக் கொடுத்தேன். ஓடப் பழகி மூன்று நாள் விழுந்தார். நான்காம் நாள் வேலியோரத் தென்னைகளைச் சுற்றத் தொடங்கினார்.

என் விசா வந்த காலையும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"வாசி," என்றார், நிறுத்தாமல்.

அவர் என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.