மூச்சை எண்ணியவர்

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கு வந்த வள்ளத்தோடு சாவுச் செய்தியும் வந்தது. மருந்துப் பெட்டிகளை இறக்கிக்கொண்டே வள்ளக்காரர் சொன்னார்: "அண்ணை, உங்கட பழைய டொக்டர் மோசம் போயிட்டாராம். நித்திரையிலையே. ஒரு கரைச்சலும் படேல்லை. குடுத்து வைச்ச மனுசன்." இறங்குதுறையில் நின்ற எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டுப் பெட்டிகளோடு திரும்பினேன்.

டொக்டர் குணநாயகத்தை உங்களில் பலர் அறிவீர்கள். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அவரிடம் வரிசையில் நின்றிருப்பீர்கள். முன்பு இன்னொரு தீவு வைத்தியசாலையில் அவர் பொறுப்பாக இருந்த காலத்தில் மருந்து கலந்து கொடுத்தவன் நான். நித்திரையில் மனிதருக்கு மூச்சு நின்று நின்று வருவதைப் பற்றி அவர் தனியாளாக ஓர் ஆராய்ச்சி நடத்தினார் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.

இரவில் கடலுக்குப் போகிறவர்கள் பகலில்தான் நித்திரை கொள்வார்கள். அதனால் அவருடைய ஆராய்ச்சி காலை பத்து மணிக்குத் தொடங்கும். வெளிநோயாளரைப் பார்த்து முடித்துவிட்டு, ஒரு கொப்பியும் கைக்கடிகாரமுமாகக் கரையோர வீடுகளுக்குப் போய், பாய்க்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவார். குறட்டை திடீரென்று நிற்கும். நெஞ்சு எழும்பித் தாழும்; காற்று மட்டும் உள்ளே போகாது. பிறகு ஆள் திணறி மூச்சை இழுப்பார். ஒவ்வொரு தடவைக்கும் கொப்பியில் ஒரு கோடு. "குறட்டை விடுறவன் சுகமாய் நித்திரை கொள்ளுறான் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? அவன் மூச்சுக்கு அடிபடுறான்" என்பார் என்னிடம்.

சவிரிமுத்து என்ற மீனவர் சுக்கானைப் பிடித்தபடியே தூங்கி விழுவார். குடித்துவிட்டு வருகிறார் என்று யாரும் அவரை வள்ளத்தில் ஏற்றவில்லை. அந்த மனிதர் கள்ளைத் தொட்டதே இல்லை. டொக்டர் மூன்று நாள் எண்ணிப் பார்த்தார். பிறகு சவிரிமுத்துவின் மனைவி மதலேனாவைக் கூப்பிட்டு, வலையில் கட்டும் மிதப்புக்கட்டை ஒன்றை அவருடைய சட்டையின் முதுகில் வைத்துத் தைக்கச் சொன்னார். மல்லாந்து படுத்தால் குத்தும், சரிந்துதான் படுக்கவேண்டும். "மூச்சு நிண்டால் நீர் தட்டி எழுப்பும். பக்கத்தில ஒரு ஆள் இருக்கவேணும். அதுதான் மருந்து" என்றார்.

"இவ்வளவு நாளும் காலால உதைஞ்சுதான் டொக்டர் எழுப்பினனான். புருசனை உதைஞ்சனான் எண்டு சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்திலயும் சொன்னனான்" என்றாள் மதலேனா.

"இனிச் சொல்லத் தேவையில்லை" என்றார் அவர். இரண்டு மாதத்தில் சவிரிமுத்து மறுபடியும் கடலுக்குப் போனார்.

இதையெல்லாம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. கருவி இல்லாமல் எண்ணியதை ஏற்க முடியாது என்று இரண்டே வரி. அவர் அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டார். அதைப் பற்றிப் பேச அந்தத் தீவில் அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கோ பாதி விளங்காது.

அவர் கலியாணம் செய்யாதவர். வைத்தியசாலை விடுதியில் தனியாக இருந்தார். போகப் போக உடம்பு பெருத்தது. நோயாளியோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். நான் ஒரு போத்தலைச் சத்தமாக வைப்பேன், விழித்துக்கொள்வார். இருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு, என்னைக் கூப்பிட்டுக் கொப்பியைக் கையில் தந்தார். "இண்டைக்கு என்னை எண்ணும். ஒரு மணித்தியாலம் போதும்" என்றார்.

எண்ணினேன். அவருடைய மூச்சு நின்றபோதெல்லாம் எனக்கும் நின்றது. கோடு போடக் கை வரவில்லை. விரல் மடக்கி மனத்துக்குள்ளேயே எண்ணினேன். தட்டி எழுப்பவும் துணிவில்லை. மேலதிகாரியின் உடம்பைத் தொடுவதா? விழித்ததும் "எத்தினை?" என்று கேட்டார்.

"நாலு, டொக்டர்."

"நாலுதானோ?"

"ஓம்."

படித்த பெரிய மனிதரிடம், நீங்கள் குறட்டை விட்டுத் திணறினீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அதை மரியாதை என்று நினைத்தேன். "அப்ப பறவாயில்லை" என்று நாலு கோடு போட்டுக் கொப்பியை மூடினார். மற்றவர்களுக்குச் சொன்ன மருந்து எதையும் அவர் தனக்குச் செய்துகொள்ளவில்லை. விடுதியில் துணைக்குப் படுக்க ஓர் ஆளையும் தேடவில்லை. சில மாதங்களில் எனக்கு அனலைதீவுக்கு இடமாற்றம் வந்தது. உண்மையைக் கடிதத்தில் எழுதலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் சுகம் விசாரித்து மட்டும் எழுதினேன்.

குடுத்து வைத்த சாவு என்றவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்ததில்லை. நான் இருந்தேன். கடைசியில் அவர் மூச்சுக்கு எப்படி அடிபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். தட்டி எழுப்ப ஒருவரும் இருக்கவில்லை என்பதும் தெரியும். இந்தத் தீவில் அதை நினைத்து அழுகிறவன் நான் ஒருவன்தான்.

அவருடைய கொப்பிகள் எங்கே போயினவோ. அவரிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது அவற்றில் ஏறாத ஓர் எண்ணிக்கை மட்டும்தான். பிந்திச் சொல்கிறேன்.

பத்தொன்பது, டொக்டர்.