ட்ராஃப்ட் நாளில் அன்ரன் அண்ணையிடம் தோற்றேன்

நேற்று மாலை எங்கள் வீட்டு பேஸ்மன்டில் ஒரு மாபெரும் தோல்வி!

தோற்றது நான்.

வரப்போகிற பனிக்காலம் முழுக்க, இரண்டு வீட்டுக்கும் பொதுவான ட்ரைவ்வேயில் ஸ்னோ தள்ளப்போவதும் நான்தான். (அனுதாபங்களைக் கீழே பதிவு செய்யலாம்.)

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில், ஒட்டின வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர். நகர பஸ் ஓட்டுகிறார். புட்போல் பைத்தியம்.

ஊரில் நாங்கள் உதைத்த புட்போல் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை மாதிரிப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற கனடா புட்போல். (அதில் காலுக்கு வேலை கொஞ்சம்தான். பெயர் வைத்தவரைத்தான் கேட்கவேண்டும்.)

ஒவ்வொரு வசந்தத்திலும் பல்கலைக்கழகங்களில் விளையாடிய பெடியங்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். அதுதான் ட்ராஃப்ட். எட்டு ரவுண்ட்.

எங்கள் நகர அணி யார் யாரை எடுக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும். ஆட்டத்தில் எந்த இடத்தில் நிற்க ஆள் எடுப்பார்கள் என்று சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. ஆளையே பெயரோடு சரியாகச் சொன்னால் ஐந்து புள்ளி. தோற்ற வீடு ஸ்னோ தள்ளவேண்டும். இதுதான் இரண்டு வீட்டுக்கும் ஒப்பந்தம்.

மூன்று வருஷமாகத் தோற்று வந்தவர் என் கணவர் குமரன். போன பனிக்காலத்தில் தள்ளித் தள்ளி மனிசனுக்கு இடுப்பை நிமிர்த்தமுடியாமல் நாரிப் பிடிப்பே வந்துவிட்டது. ஆகவே இந்த முறை நான் களத்தில் இறங்கினேன்.

"உமக்கு புட்போலைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் குமரன்.

"புட்போல் தெரியாது. ஆள் பற்றாக்குறை தெரியும்!"

பகிடி இல்லை. முதியோர் இல்லம் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக வேலையாட்களுக்கு ஷிஃப்ட் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. யாருக்கு முழங்கால் போய்விட்டது, யார் வேலையை விடப்போகிறார் என்பதெல்லாம் எனக்குப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே மணக்கும். அணியின் பட்டியலையும் அப்படித்தான் பார்த்தேன். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே ஆள் எடுப்பார்கள். அவ்வளவுதான்!

அன்ரன் அண்ணை ஒரு பெரிய ஃபைலோடு வந்தார். யார் எத்தனை செக்கனில் ஓடுகிறான், யார் எவ்வளவு பாரம் தூக்குகிறான் என்று எல்லாம் உள்ளே.

அவருடைய எட்டாவது ரவுண்டில் ஒரு பெயர். ஃபோனில் தேடினேன். எந்த நிபுணருடைய பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை.

"அண்ணை, உவன் ஒரு லிஸ்ட்டிலயும் இல்லையே!"

"இருக்கட்டும் தங்கச்சி."

"ஏன் உவனைப் போட்டனீங்கள்?"

"சும்மாதான்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ட்ராஃப்ட் தொடங்கியது. முதலாவது ரவுண்டில் எங்கள் அணி தன் முறையை வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டது! இரண்டு பேருக்கும் முட்டை.

"நாலு கிழமை படிச்சனான்! சோதினையே கான்சல்!" என்று அண்ணை தலையில் கைவைத்தார்.

பிறகு என் ராச்சியம். ஏழாவது ரவுண்ட் முடிய எனக்கு நாலு புள்ளி, அவருக்கு ஒன்று.

"அண்ணை, ஸ்னோ தள்ள நல்ல கையுறை வாங்கித் தரட்டோ?" என்று சேட்டை விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி ரீவிக்கு முன்னால் போய் நின்றார்.

எட்டாவது ரவுண்ட். பெயரை வாசித்தார்கள்.

அண்ணை அப்படியே நின்றார். பிறகு போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்!

"என்ர பெடியன்! என்ர பெடியன்!"

அதே பெயர்! ஐந்து புள்ளி! ஆறுக்கு நாலு!

குமரன் நாரியை மறந்து துள்ளி எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். (பெண்சாதி தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷம்!)

"அண்ணை, ஆர் உந்தப் பெடியன்?" என்று கேட்டேன்.

"என்ர பஸ்ஸில வந்தவன், தங்கச்சி. ஹைஸ்கூல் படிக்கேக்க. விடிய முதல் பஸ். பெரிய பாக் ஒண்டோட ப்ராக்டிஸுக்குப் போறவன். ஸ்னோ கொட்டினாலும் ஸ்ரொப்பில நிப்பான். மூண்டு வருசம்!"

"கதைக்கிறனீங்களோ?"

"அவன் குட் மோர்னிங் எண்டுவான். நானும் குட் மோர்னிங் எண்டுவன். வேற ஒண்டுமில்லை."

"அப்ப பெயர் எப்பிடித் தெரியும்?"

"பாக்கில எழுதியிருந்தது."

மூன்று வருஷக் குட் மோர்னிங்கை வைத்து இந்த மனிசன் பல்கலைக்கழகம் வரை அவனுடைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தால் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார்: "அவனுக்கு ஒரு வாழ்த்து அனுப்பேலாதோ?"

பெடியனின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ஏற்கெனவே குவிந்திருந்த வாழ்த்துகளுக்குக் கீழே, அண்ணை சொல்லச் சொல்ல எழுதினேன்: 'வாழ்த்துகள். நான் விடிய முதல் பஸ் ஓட்டின ட்ரைவர்.'

"அண்ணை, இவ்வளவு கூட்டத்துக்குள்ள அவன் பாக்கமாட்டான். எதிர்பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

கால் மணித்தியாலத்தில் பதில் வந்தது! சத்தமாக வாசித்தேன்.

'நீங்கள்தானா அது? பல்கலைக்கழக அணிக்கான தெரிவுப் போட்டிக்குப் போன அன்று நான் தூரத்தில் ஓடி வருவதைக் கண்டு நாலு நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தீர்களே! அன்று அந்த பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால் இன்று நான் இங்கே இல்லை.'

அண்ணை அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஐயோ, உந்தப் பதிலை அழிக்கச் சொல்லுங்கோ!" என்று கத்தினார். "நாலு நிமிசம் நிண்டது சூப்பவைசருக்குத் தெரிஞ்சா என்ர கதை முடிஞ்சுது!"

"அண்ணை, அது அஞ்சாறு வருசத்துக்கு முந்தி!"

"எண்டாலும்!"

சரியென்று பெடியனுக்கு எழுதப் போனேன். என் கையை மறித்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. முதல்ல ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்புங்கோ."

(அண்ணையின் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சூப்பவைசர்மார் யாராவது இதை வாசித்தால், ஒரு லைக்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுங்கள்!)